முகவரி காலியாகும் நேரம்

“செத்தது ஏன் டீச்சர் இடத்தை விடமாட்டேங்குது?” என்று கேட்டார் சூசை.

குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

காற்று கிளம்பப்போகிறது என்றால் கடலில் இருக்கும் படகுகளுக்குச் செய்தி அனுப்புகிற மையம் அது. அதன் சர்வரை அமைத்தவள் ஹாஜிரா. சூசை அவளைவிட மூத்தவர். துறைமுக ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்துவிட்டு, ஐம்பதைத் தாண்டியபின் அவளிடம் வேலை கற்க வந்தவர்.

அன்று மத்தியானம் சர்வர் உறைந்து நின்றுவிட்டது. சூசை அதை நிறுத்தினார். புதிதாகக் கிளப்பினார். எழவில்லை. திரும்பத் திரும்ப அதே வரிதான் திரையில் வந்தது: முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

“யாரு பயன்படுத்துறா? தேடிட்டேன். உள்ள ஒருத்தரும் இல்ல.”

“ஒருத்தரும் இல்லதான்” என்றாள் ஹாஜிரா.

“அப்ப வேற போர்ட்ல, வேற வாசல்ல உக்கார வச்சிரவா?”

“பண்ணலாம். படகுக்குத் தெரிஞ்ச வாசல் இது ஒண்ணுதானே அண்ணே.”

சாயங்காலம் காற்று. படகுகள் சீக்கிரம் திரும்பினால்தான் கரை சேரும்.

“முகவரியப் பிடுங்கிக்க ஒரு வழி இருக்குன்னாங்களே.”

“இருக்கு. ஒரு நிமிஷம் பொறுத்தா அதுவே காலியாயிரும்.”

“எதுக்குப் பொறுக்கணும்?”

ஹாஜிரா திரையை அவர் பக்கம் திருப்பினாள். முடிந்துபோன இணைப்புகள் வரிசையாக நின்றன.

“பேச்சு முடிஞ்சிருச்சு. ஆனா படகுலேருந்து கடைசி வார்த்தை இன்னும் வழியில இருக்கலாம். அதுக்காகத்தான் இடத்தை வச்சிருக்கு.”

“வரலைன்னா?”

“கொஞ்ச நேரம் பாத்துட்டு விட்டுரும்.”

சூசை நாற்காலியில் சாய்ந்தார்.

அப்போது அவர் சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது. அவருடையது அல்ல. மனைவி மிக்கேலம்மாளுடையது. ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்தவள். அவள் போய் மாதங்கள் ஆகியும் அழைப்புகள் நிற்கவில்லை. ‘அவ இல்ல, இறந்துட்டா’ என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் எடுப்பதில்லை. அடித்தால் துண்டித்துவிடுவார். மறுநாள் அந்த போன் எண்ணையே கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவதாக இருந்தார்.

விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போயிற்று.

ஹாஜிரா அவரைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் நின்றது; நகர்ந்து பச்சையை அழுத்தியது.

“மிக்கேலக்காவா?” என்றது ஒரு பெண்குரல்.

“அவ தவறிட்டாம்மா. நான் அவ வீட்டுக்காரன்.”

அவர் துண்டிக்காமல் இருந்தார்.

“எங்கிட்ட சொல்லும்மா.”

“எம் புள்ளை ஞானஸ்நானத்துக்கு அக்காதான் சட்டை தச்சுத் தந்தாங்க அண்ணே. போட்டுப் பாத்துட்டு அளவு எப்படின்னு சொல்லுன்னாங்க. புள்ளைக்கு முடியாமப் போயி விசேஷம் தள்ளிட்டே போச்சு. நேத்துத்தான் போட்டோம்.”

“சரியா இருந்துச்சா?”

“கை மட்டும் இறுக்கம். அக்கா உள்ளுக்குள்ள துணி விட்டுத்தான் தச்சிருந்தாங்க. பிரிச்சுவிட்டேன். கச்சிதமாயிருச்சு.”

அவள் வைத்தபிறகும் சூசை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

“இப்பக் கிளப்புங்க அண்ணே.”

கிளப்பினார். இந்த முறை தடை வரவில்லை. சர்வர் தன் வாசலில் உட்கார்ந்தது. எச்சரிக்கை கடலுக்குப் போயிற்று. கொஞ்சநேரத்தில் படகுகள் ஒவ்வொன்றாகப் பதில் அனுப்பத் தொடங்கின. திரும்புகிறோம். திரும்புகிறோம்.

“போன்ல யாரு அண்ணே?”

சூசை போனைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தார்.

“மிக்கேலம்மாளுக்கு ஒரு பதில் வந்துச்சு டீச்சர்” என்றார்.