ஒரு மூட்டையில் மூன்று ஊர்

ஒரு வைகாசி மாதம், விருதுநகரில் ஒரு பருப்பு மண்டி. அதன் வாசலில் ஒரு மின்தராசு நின்றது. மூட்டையைத் தட்டில் வைத்தால் போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் சிவப்பு எண்களில் எடையைச் சொல்லிவிடும். மண்டி முதலாளி கனகவேல் வந்தவர் முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, தராசின் முகத்தைப் பார்க்காமல் ஒரு காரியமும் செய்ய மாட்டார். அந்தச் செல்லத்தில் தராசுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்துச் சுவரில் ஒரு குத்தூசி தொங்கியது. மூட்டையின் வயிற்றில் குத்தினால் ஒரு வாய்ப் பருப்பை வெளியே கொண்டுவந்து காட்டும் குழல் அது. எந்த மண்ணில் விளைந்தது என்று அந்த ஒரு வாயிலேயே சொல்லிவிடுவேன் என்று அதற்குத் தனிப் பெருமை. இரண்டுக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம்தான்.

“பருப்பு பருப்புதான். கப்பலில் வந்தால் என்ன, லாரியில் வந்தால் என்ன? என் தட்டில் ஏறினால் எல்லாம் ஒன்று” என்று தராசு சொல்லும்.

“உனக்கு வாயும் இல்லை, மூக்கும் இல்லை. நாட்டுத் துவரைக்கு ஈடு நாட்டுத் துவரைதான். மற்றதெல்லாம் பருப்பு வேஷம் போட்டு வந்தவை” என்று குத்தூசி சொல்லும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கரிசல் காட்டு நாட்டுத் துவரை மண்டிக்கு அரைகுறையாகத்தான் வந்தது. அந்தக் குறையை நிரப்ப பர்மாத் துவரையும் ஆப்பிரிக்கத் துவரையும் கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்கி, விருதுநகர் வந்து சேர்ந்தன. மூன்று மூட்டைகளும் ஒரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன.

அப்போதுதான் தங்கபுஷ்பம் வந்தாள். விசேஷ வீடுகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். மாசியில் ஒரு புதுமனை புகுவிழாவில் அவள் வைத்த சாம்பார் ஊசிப்போய்விட்டது. அதற்குப் பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை. இப்போதுதான் ஒரு கல்யாணம் கிடைத்திருந்தது.

“அண்ணாச்சி, நாட்டுப் பருப்பா ஒரு மூட்டை வேணும். நாளக் கழிச்சுக் கல்யாணம். இதுலயும் பேரு கெட்டுச்சுன்னா நான் கரண்டியத் தூக்கிப் போட்டுட்டு வீட்ல இருக்க வேண்டியதுதான்.”

“முழு மூட்டைக்கு எங்கம்மா போறது? அரை மூட்டை கூட இல்லையே” என்றார் கனகவேல்.

“இல்லையென்று சொல்லி அனுப்பு. கல்யாணத்தை அடுத்த அறுவடைக்குத் தள்ளி வைக்கட்டும்” என்றது குத்தூசி.

“போடா பைத்தியக்காரா. இருக்கிறதோடு மற்ற இரண்டையும் சேர்த்துக் கொட்டினால் ஒரு மூட்டை. இதற்கு ஒரு பஞ்சாயத்தா?” என்றது தராசு.

கனகவேல் வழக்கம்போலத் தராசைப் பார்த்தார். தராசு மினுக்கியது. அவருக்கும் அதே எண்ணம் வந்துவிட்டது.

“கலந்து தாரேம்மா. பருப்புல என்ன இருக்கு, எல்லாம் வேகுறதுதான?”

தங்கபுஷ்பம் தயங்கினாள். வேறு வழி தெரியாததால் தலையாட்டினாள். நாட்டுத் துவரையில் கொஞ்சத்தை மட்டும் சாக்கின் அடியில் விட்டுவிட்டு, மற்ற இரண்டிலும் வேண்டிய அளவு அள்ளி, மூன்றையும் தரையில் குவித்து, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டி ஒரு புது மூட்டையில் கட்டினார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே மஞ்சள். தராசு ஐம்பது கிலோ என்று சொன்னது. அன்று அதற்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மறுநாள் மதியம் தங்கபுஷ்பம் ஆட்டோவில் திரும்பி வந்தாள். அந்த மூட்டையும் வந்தது, மடியில் ஒரு பானையும் வந்தது. வந்த வேகத்தில் பானையைத் தராசின் தட்டில் டங்கென்று வைத்தாள்.

“இதையும் நிறுத்துப் பாருங்க அண்ணாச்சி! பதம் பாக்க ரெண்டு படி வேக வச்சேன். ஒண்ண எடுத்து நசுக்குனேன், வெண்ணெயா இருந்துச்சு. சரின்னு இறக்கிக் கடைஞ்சா, பாதி கல்லு கல்லா நிக்கிது. திரும்ப ஏத்துனேன், வெந்தது கரைஞ்சு போயி அடி பிடிச்சிருச்சு. இத எப்படி இலையில ஊத்துவேன்? எங்க வீட்டுக்காரர் கூட வாயில வைக்கல.”

கனகவேல் தலையைச் சொறிந்தார்.

தராசு தன் மேல் இருந்த பானையைப் பார்த்தது. எண்கள் பளிச்சென்று எரிந்தன. எடையில் ஒரு கிராம் கூடப் பிசகில்லை.

“நான் சொன்னேனே!” என்று குத்தூசி குதித்தது. “ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்தப் பானைக்கு எந்தப் பருப்பு பதம், சொல் பார்க்கலாம்!”

அடி தீய்ந்த பானைக்கு எரிச்சல் தாங்கவில்லை. “உன் பெருமையை நிறுத்து. இந்தத் தராசு ‘எல்லாம் ஒன்று’ என்றது, என் அடி தீய்ந்தது. நீ வேறெதுவும் ஆகாது என்கிறாய், உன் பேச்சைக் கேட்டால் நாளைக்கு நான் காலியாகத்தான் கிடப்பேன். பந்தியில் உட்காருகிறவனுக்கு உங்கள் இருவர் சண்டையாலும் ஒரு கரண்டி சாம்பார் கிடைக்காது. எது எவ்வளவு தூரம் ஈடு கொடுக்கும் என்று அந்த மூட்டைகளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?”

தராசு தன் வாழ்நாளில் முதல் தடவையாகச் சுவரோரம் இருந்த மூட்டைகளிடம் ஒரு கேள்வி கேட்டது.

“அப்பா ஆப்பிரிக்கா, நீ வேக எவ்வளவு நேரமாகும்?”

“என்னை முதல் நாளே ஊற வை. முதல் ஆளாக அடுப்பில் ஏற்று. கெட்டியாக நிற்பேன், கூட்டம் அதிகமானாலும் சாம்பார் நீர்த்துப் போகாது. ஆனால் அவசரப்படுத்தினால் நான் கல்தான்.”

“பர்மா, நீ?”

“நான் நடுவில் வருகிறவன். அவனுக்கும் பொருந்துவேன், உள்ளூர்க்காரனுக்கும் பொருந்துவேன். என் வாசனை மட்டும் கொஞ்சம் மட்டு.”

அடியில் கிடந்த நாட்டுத் துவரை மெல்லச் சொன்னது: “நான் கொஞ்சம்தான் இருக்கிறேன். என்னைக் கடைசியில் போடுங்கள். சாம்பார் தெருமுனை வரைக்கும் மணக்கும்.”

மூட்டைகள் பேசியது மனுஷர் காதில் விழாது. ஆனாலும் கல்லையும் குழைவையும் ஒரே பானையில் பார்த்துவிட்டவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, கலந்தது வேண்டாம். தனித்தனியா கட்டித் தாங்க. முந்திப் போடுறத முந்திப் போட்டு, பிந்திப் போடுறதப் பிந்திப் போட்டுக்கிறேன். நாட்டுப் பருப்பு மிச்சம் இருக்கிறத வழிச்சுக் குடுங்க.”

தராசு மூன்றையும் தனித்தனியாக நிறுத்தது. எண்கள் வழக்கத்தைவிட நிதானமாக எரிந்ததாகக் குத்தூசிக்குத் தோன்றியது.

கல்யாணம் முடிந்து, காலிச் சாக்குகளைத் திருப்பிக் கொடுக்கத் தங்கபுஷ்பம் வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“பொண்ணோட தாய்மாமன் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு அண்ணாச்சி. ‘நம்மூரு சாம்பார் மாதிரி இல்ல, ஆனா நல்லாருக்கு’ன்னாரு. பெரியம்மா ஒருத்தி மட்டும் மூஞ்சியச் சுளிச்சா. போகட்டும். ஆவணிக்கு ரெண்டு வீட்ல கூப்பிட்டிருக்காங்க.”

“கேட்டாயா, ‘மாதிரி இல்ல’ என்றாராம்” என்றது குத்தூசி.

“‘நல்லாருக்கு’ என்றும் சொன்னாராமே” என்றது தராசு. அவள் பிழைத்தாள் என்பதில் அதற்கு உள்ளூர மகிழ்ச்சி.

மூலையில் அந்தக் கலந்த மூட்டை இன்னும் கிடந்தது. கொட்டியதைக் கொட்டியாயிற்று, இனி யார் உட்கார்ந்து பொறுக்கிப் பிரிப்பது? சாயங்காலம் மாட்டுத் தீவனக்காரர் வண்டியோடு வந்தார். கூலியாள் மூட்டையைத் தூக்கித் தட்டில் வைத்தான்.

“தராசே, நான் எந்த ஊர்?” என்று கேட்டது மூட்டை.

மூன்று ஊர்களையும் தரையில் கொட்டிப் புரட்டச் சொன்னது தராசுதானே. ஏதாவது ஒரு பதில் சொல்லத் தேடிப் பார்த்தது. தெரிந்ததைத்தான் சொல்ல முடிந்தது. பதம் பார்க்க எடுத்த இரண்டு படி போக, மீதி எடையை ஒரு கிராம் பிசகாமல் சொன்னது.