சித்திரையில் கொடுவா

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒரு நீர்நாய் பட்டினி கிடந்தது. அதற்கு மூன்று குட்டிகள். மாதமோ சித்திரை. கொடுவா மீன் கார்த்திகை மழைக்குத்தான் கரைப்பக்கம் வரும் என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் மற்ற மாதங்களில் யாரும் தேடவில்லை. தேடாதவன் கண்ணில் மீன் எப்படிப் படும்?

மணல்திட்டின் முனையில் ஒரு நாரை மட்டும் ஒற்றைக் காலில் நின்றது. கார்த்திகையில் நல்ல மீன் கிடைத்த இடம் அது. விட்டுப் போனால் வேறு நாரை வந்து நின்றுவிடுமாம். ஐந்து மாதமாக அந்த இடத்தைக் காவல் காத்து இளைத்துப் போயிருந்தது.

நீர்நாய் பாறை இடுக்கில் கையை விட்டு ஒரு நண்டைப் பிடித்தது. மல்லாக்கப் போட்டு வயிற்றில் பாதத்தை வைத்து அழுத்தியது.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்றது நண்டு. "என்னைத் தின்னா எத்தனை வாய் வரும்?"

"ரெண்டு."

"பசிச்ச வாய் எத்தனை இருக்கு?"

"குட்டிங்க மூணு. என்னோட நாலு."

"அப்புறம் எதுக்கு இந்த நஷ்ட வியாபாரம்? என் உயிரை விடு. நாலு பேரும் தின்னு மிச்சம் வைக்கிற மாதிரி கொடுவா காட்டுறேன்."

நாரை கழுத்தைத் திருப்பியது. "சித்திரையில கொடுவாவா? எங்க அப்பா காலத்துலயே கிடையாது. பயத்துல உளறுது. சீக்கிரம் தின்னு தொலை. எனக்கும் ஒரு கால் குடு."

"மாமா, நீங்க கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்றது நண்டு.

நாரை காலை மாற்றி நின்றது.

"சரி, எங்க இருக்குன்னு சொல்லு. விடுறேன்," என்றது நீர்நாய்.

"விடு. சொல்றேன்."

"சொல்லாம ஓடிட்டா?"

"சொன்னப்புறம் நீ தின்னுட்டா?"

இரண்டும் கேட்டது நியாயம்தான்.

"என் பின்னங்கால் ஒண்ணைப் பிடிச்சுக்கோ. வயித்து மேல இருந்து பாதத்தை எடு," என்றது நண்டு.

நீர்நாய் அப்படியே செய்தது. நண்டு பிடிபட்ட காலைக் கழற்றி விட்டுவிட்டு இடுக்குக்குள் போய்விட்டது. நண்டுக்குக் கால் மறுபடி முளைக்கும். பசியில் நீர்நாய்க்கு அது நினைவு வரவில்லை.

"முடிஞ்சுது," என்றது நாரை. "அந்தக் காலையாவது இங்க போடு."

இடுக்குக்குள்ளிருந்து நண்டின் குரல் வந்தது. "அக்கா, கேட்டுக்கோ. வெயில் ஏறினா ஆத்துத் தண்ணி சுடும். கொடுவா இந்தப் பாறைக்கு அடியில, நிழல்ல கிடக்கும். கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறும்போதுதான் வெளிய வரும். இப்ப ஏறப்போகுது. கிழக்குப் பொந்து வாசல்ல இரு."

"நீதான் தப்பிச்சிட்டியே. இன்னும் எதுக்குச் சொல்ற?"

"சொல்லலைன்னா நாளைக்கு மறுபடி கையை விடுவ. எட்டுக் கால் ஏழாச்சு."

நீர்நாய் பொந்து வாசலில் காத்திருந்தது. தண்ணீர் ஏறியது. ஒரு தலை வெளியே வந்தது. நீர்நாய் பாய்ந்தது. தன் நீளத்துக்கு இருந்த மீனை இழுத்துக்கொண்டு கரையேறியது.

நாரை அதை வெகுநேரம் பார்த்தது. "இது கொடுவா இல்ல. கொடுவா கார்த்திகையிலதான் வரும்."

நீர்நாய் மீனின் வயிற்றைக் கிழித்தது. உள்ளே நண்டு ஓடுகள்.

"ஏ நண்டு, இது வயித்துல பூரா உங்க ஆளுங்க."

"தெரியும். என் தம்பி ரெண்டு பேரும் அதுலதான் இருப்பாங்க. இல்லேன்னா அது வெளிய வர நேரம் எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப என்னை வெச்சு உன் பகையை முடிச்சிருக்க."

"உன் குட்டிங்களுக்கு மீன் வந்துதா இல்லையா?"

"வந்துது."

"அப்புறம் என்ன? நாளைக்கும் வா. உள்ள இன்னும் நாலு கிடக்கு."

நீர்நாய் அந்த நண்டுக்காலை நாரைக்கு எறிந்தது. அது ஓரெட்டு தள்ளி விழுந்தது. இடம் போய்விடுமே என்று நாரை அசையவில்லை. ஒரு காகம் எடுத்துக்கொண்டு போனது.

பட்ட அடியை எண்ணி அழுகிறவன் இரையாவான். அந்த அடி எங்கிருந்து வந்தது என்பதைச் சரக்காக்கி விலை பேசுகிறவன் பிழைப்பான்.