சந்தையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

போக்குவரத்து அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அருணாசலநாதனை பஸ் ஆட்டத்தில் அந்த வீட்டில் யாரும் ஜெயித்ததே கிடையாது. பலகையில் வரைந்த ஊருக்குள் பஸ் வழித்தடம் போடுகிற ஆட்டம் அது. ஒருவர் பிடித்த சாலையில் மற்றவர் பஸ் ஓடக்கூடாது. பயணியை அவர் போகவேண்டிய இடத்தில் இறக்கிவிடும் பஸ்ஸுக்குத்தான் புள்ளி.

புது மருமகள் செண்பகவல்லி, வேலைக்குப் போகட்டுமா என்று அவரிடம் கேட்டாள்.

"இதுல என்னை ஜெயிச்சுட்டுப் போ," என்று சிரித்தார் மாமனார்.

ஆட்டம் தொடங்கியது. பெரிய சாலைகளையெல்லாம் அவரே வளைத்துப் போட்டார். எல்லாம் சந்தையில் வந்து முடிந்தன. செண்பகவல்லியோ சந்தையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே வழியான சின்னச் சந்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"ஊரே என் கையில இருக்கு. அந்தச் சந்துல நீ யாரை ஏத்தப்போறே?"

"நீங்க கூட்டிட்டு வர்றவங்களைத்தான் மாமா."

அப்போதுதான் அவர் பயணிகளைக் கவனித்தார். முக்கால்வாசிப்பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அவருடைய பஸ்கள் ஊர் முழுக்கச் சுற்றி அவர்களைச் சந்தையில் இறக்கின. அங்கிருந்து செண்பகவல்லியின் ஒற்றை பஸ் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டது. புள்ளியெல்லாம் அவளுக்கே.

"இது அநியாயம்! சுமந்ததெல்லாம் நான்!"

"இறக்கிவிட்டவங்களுக்குத்தான் புள்ளின்னு சொல்லி என்னை எத்தனை தடவை தோற்கடிச்சிருப்பீங்க?" என்றாள் அவர் மனைவி காந்திமதி.

மாமனார் பலகையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு மெல்ல, "நாளைக்குக் காலையில இன்னொரு ஆட்டம் போடுவோம்," என்றார்.

"சாயங்காலம் ஆடலாம் மாமா," என்றாள் செண்பகவல்லி. "பகல்ல நான் வேலைக்குப் போயிருப்பேன்."