எதிர்க் கோலில் நின்ற கப்டன்

எங்கள் கப்டன் குகதாசன் அண்ணைக்கு ஐம்பது வயது. ஐஸ் ஹொக்கி ஆடத் தொடங்கி இருபத்தாறு வருசம். அவரிடம் ஆட்டம் பழகியவன் அஜந்தன். இரண்டு பேருக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் அஜந்தன் அவரைக் குருவாகத்தான் வைத்திருந்தான். அவர் தண்ணீர் குடித்தால்தான் இவன் குடிப்பான். நாங்கள் பகிடி பண்ணாத நாளில்லை.

ஸ்காபரோவில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீக். பதினொரு வருசம் ஆடியும் கப் கிடைக்கவில்லை. மூன்று தரம் இறுதி ஆட்டம் வரை வந்து மூன்று தரமும் மண் கவ்வினோம். ஐஸில் மண் எங்கே என்று கேட்காதீர்கள், அப்படித் தோற்றோம்.

இது நாலாவது தரம். அஜந்தனுக்கு இதுதான் கடைசி ஆட்டம். முழங்கால் தேய்ந்து போய்விட்டது. வாற புதன்கிழமை ஒப்பரேஷன். அதற்குப் பிறகு ஐஸில் கால் வைக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எதிரணி, வீடுகளுக்குக் கூரை போடுகிற ஆட்கள். அவர்களுடைய கப்டன் பீற்றர். ஆட்டம் தொடங்க முன் அவர்களுடைய கோலிக்கு, அதுதான் கோல் காக்கிறவனுக்கு, போன் வந்தது. மனைவிக்குப் பிள்ளைப்பேற்று வலி. மனுசன் கவசத்தையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். ஒரு காலில் கட்டிய பட்டையைக் கார் நிற்கிற இடத்தில்தான் கழற்றினானாம்; பின்னால் ஓடிய ஒருத்தன் அதை எடுத்து வந்தான்.

கோலி இல்லாமல் ஆட முடியாது. பதினைந்து நிமிஷத்துக்குள் ஆள் வராவிட்டால் கப் எங்களுக்கு. நடுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, பிள்ளையார் கண் திறந்திட்டார்," என்றான் அஜந்தன்.

கப்டன் பீற்றரிடம் போய் ஏதோ கதைத்தார். பிறகு நடுவரிடம் கதைத்தார். திரும்பி வந்து எங்கள் ஜேர்சியைக் கழற்றினார்.

"எங்க போறியள்?" என்று கேட்டான் அஜந்தன்.

"அவையின்ர கோலுக்கு."

"விசரே அண்ணை உங்களுக்கு?"

"கவசம் கிடக்கு. எனக்கு அளவாயும் இருக்கு. முதல் மூண்டு வருசம் நான் கோலியாத்தானே நிண்டனான்."

அது உண்மை. சறுக்கத் தெரியாமல் வருகிறவனைக் கோலுக்குள் விடுவதுதான் வழக்கம். நானும் அப்படி வந்து, இன்னும் எங்கள் கோலுக்குள்ளேயே நிற்கிறவன்.

"பத்து நிமிஷம் பொறுத்தா கப் எங்களுக்கு!"

"ஓம்."

"எங்களை வெல்ல வைக்க வேண்டியவர் நீங்களெல்லே?"

"அதுக்குத்தான் போறன்," என்றார் கப்டன்.

அஜந்தனுக்கு முகம் கறுத்துப் போனது. நானும் நன்றாகத் திட்டினேன், மறைக்க ஒன்றுமில்லை. வீடு தேடி வந்த லட்சுமியை எட்டி உதைக்கிற மனுசன் என்றேன்.

ஆட்டம் தொடங்கியது. எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. என்ன இருந்தாலும் எங்கட அண்ணைதானே, பார்த்துச் செய்வார்.

மூன்றாவது நிமிஷம் அஜந்தன் வழக்கம்போல ஒருத்தருக்கும் கொடுக்காமல் தானே பக்கை அடித்தான். அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை நேரே வலையைப் பார்த்துப் போனது. கப்டன் அதைக் கையுறையால் பிடித்து நடுவரிடம் கொடுத்தார். முகக் கம்பிக்குள் தெரிந்த கண்ணில் அறிமுகமே இல்லை.

அதோடு விட்டாரா? "அவன் எப்பவும் இடதாலதான் திரும்புவான்! மறியுங்கோ!" என்று கூரைக்காரருக்கு இங்கிலீஷில் கத்தினார். எங்கள் குறை நிறை எல்லாம் அந்த மனுசனுக்கு அத்துப்படி. கோதாரி, எங்கள் வண்டவாளம் முழுக்க அன்றைக்கு வெளியில் வந்தது.

மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டாவது பகுதி முடிய அவர்கள் ஒன்று, நாங்கள் பூச்சியம். அஜந்தன் ஓரத்து வாங்குப் பலகையில் குந்தி முழங்காலைத் தடவினான். பிறகு நிமிர்ந்தான்.

"அவருக்கு எங்களைத் தெரியும். எங்களுக்கு அவரைத் தெரியாதோ? சொல்லுங்கோடா."

எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். வலைக்குப் பின்பக்கத்தால் வருகிற பக்கை அவர் பிந்தித்தான் காண்பார் என்றான் ஒருத்தன். அடிக்க ஓங்கினாலே கெதியில் இடப்பக்கம் விழுந்துவிடுவார் என்றேன் நான். அஜந்தன் ஒவ்வொருத்தனையும் கேட்டான். ஜெயசீலன் லேசில் வாய் திறக்க மாட்டான், அவனையும் கேட்டான்.

மூன்றாவது பகுதியில் ஜெயசீலன் பின்பக்கத்தால் வந்து ஒன்று போட்டான். சமம்.

கடைசி நாற்பது செக்கன். பக் அஜந்தனிடம். முன்னால் கப்டன் மட்டும். அவன் ஓங்கினான். கப்டன் இடப்பக்கம் விழுந்தார். அவன் அடிக்காமல் பக்கத்தில் வந்த ஜெயசீலனுக்குத் தட்டிவிட்டான். ஜெயசீலன் அதைத் திருப்பிக் கொடுத்தான். வலப்பக்கம் வெறும் வெளியாகக் கிடந்தது. அஜந்தன் மெதுவாக உள்ளே தள்ளினான்.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையில் வந்து கை கொடுப்பது வழக்கம். கப்டன் அவர்களுடைய வரிசையில் கடைசி ஆளாக வந்தார். எங்கள் எல்லாருக்கும் கை கொடுத்தார். அவர்களோடேயே உள்ளே போய்விட்டார்.

எங்கள் அறையில் ஒரே கூத்து. அஜந்தன் மட்டும் கப்பை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடாப்பா?" என்று கேட்டேன்.

"வலப்பக்கம் அவ்வளவு வெளியாக் கிடந்ததே. என்ர கால் போகுதெண்டு இரக்கப்பட்டு விட்டுத் தந்திருப்பாரோ?"

"தந்தா என்ன?"

"தந்ததெண்டா இது எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டுக் கப்பையும் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தான். எனக்கு மனம் கேட்கவில்லை, பின்னால் போனேன்.

கூரைக்காரரின் அறையில் கப்டன் ஒரு மூலையில் இருந்தார். ஒரு காலின் பட்டையைக் கழற்றியிருந்தார். மற்றது அப்படியே கிடந்தது. தொடை நீலம் பாரித்திருந்தது. பீற்றர் கொடுத்த கோப்பி தொடாமல் ஆறிப்போய் இருந்தது.

"அண்ணை, கோவிக்காமச் சொல்லுங்கோ. கடைசிக் கோலை விட்டுத் தந்தியளோ?"

கப்டன் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருசப் பழக்கத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு எரிச்சலை நான் கண்டதில்லை.

"பதினொரு வருசத்தில நீ ஆருக்காவது பக்கைக் குடுத்தனியோ? இண்டைக்குக் குடுப்பாய் எண்டு நான் என்ன சாத்திரமே பாத்தனான்?"

அஜந்தனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் நனைந்தது. கப்பை அவர் முன்னால் நீட்டினான்.

"அப்ப வாங்கோ அண்ணை. முதல்ல நீங்கள்தான் தூக்க வேணும். எங்கட கப்டனெல்லே."

"போடா அங்கால," என்றார் கப்டன். "தோத்த மனுசனைக் கொஞ்ச நேரம் தோக்க விடு."