வாசலில் நின்ற மேலாளர்

உடுமலைப் பக்கம் ஒரு நூற்பாலை. அங்கே தொழிலாளர் விவரங்களைப் பழைய கணினியிலிருந்து புது சாஃப்ட்வேருக்கு மாற்றும் வேலை செல்வநாயகியுடையது. பழையதில் பலருக்குப் பிறந்த தேதியே இல்லை. தேதி இல்லாதவரைப் புதியது ஓய்வுபெற்றவராக எடுத்துக்கொள்ளும்; அவருக்கு வாசல் கேட்டைத் திறக்காது. "சரிபார்க்க ஒரு வாரம் கொடுங்க சார்" என்று கேட்டாள். சேர்மனிடம் பெயர் வாங்கும் அவசரத்தில் மேலாளர் சபாபதி மறுத்துவிட்டார்.

திங்கட்கிழமை பாதிப் பேருக்கு கேட் திறக்கவில்லை. ஆலையிலேயே தலை நரைத்த மாராத்தாள் அழுதுகொண்டே திரும்பினாள். செல்வநாயகி நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"சிஸ்டம் சொல்றதுதான் உண்மை. அது விடாத ஆளு உள்ள வரக்கூடாது" என்றார் அவர்.

"யாரா இருந்தாலுமா சார்?"

"யாரா இருந்தாலும். மிச்சத்தையும் இன்னைக்கே ஏத்து."

"சரிங்க சார்."

மிச்சமிருந்தது அதிகாரிகளின் விவரம். அதிலும் சிலருக்குத் தேதி இல்லை. உள்ளது உள்ளபடியே ஏற்றினாள்.

மறுநாள் மேலாளரின் கார் வாசலிலேயே நின்றது. "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு காட்டுதுங்க" என்றார் காவலாளி.

"சிஸ்டம் தப்புய்யா" என்று கத்தினார் சபாபதி.

வெளியே நின்ற தொழிலாளர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் வந்து நின்ற காரிலிருந்து சேர்மனும் இறங்கினார்.

"அதைத்தானுங்க அன்னைக்கே நான் சொன்னேன்" என்றாள் வாசலுக்கு வந்த செல்வநாயகி. "இவங்க தேதியெல்லாம் ஏத்திட்டு வர்றேன். நீங்க வரிசையில கடைசியா நில்லுங்க சார்."