பச்சை விளக்கு எரியாத வேன்

டிக், டிக், டிக்.

போனில் முதலில் அந்தச் சத்தம்தான் வந்தது. ஓரம் கட்டிய காரின் இண்டிகேட்டர். அப்புறம்தான் ஆள் பேசினார்.

"அரசூர் தாண்டி நிக்கிறேன். சார்ஜ் எறங்கிட்டே இருக்கு. பின்சீட்ல அம்மா. நாலு மணிக்கு விழுப்புரத்துல டயாலிசிஸ். விட்டா நாளன்னிக்குதான் இடமாம்."

"வரோம்," என்றாள் ஃபிலோமினா.

துரைக்கண்ணு கேபிளைப் பாதி சுற்றிய கையோடு நிமிர்ந்தார்.

"எதை வெச்சும்மா வரோம்?"

பொங்கல் முடிந்து ஊரே சென்னைக்குத் திரும்பும் நாள். காலையிலிருந்து ஏழு எலக்ட்ரிக் கார்களுக்கு ரோட்டோரத்திலேயே சார்ஜ் ஏற்றியாயிற்று. வேன் ஓடுவது டீசலில். மற்றவர்களுக்குக் கொடுக்கும் கரண்ட் பின்னாலிருக்கும் பெரிய பேட்டரியில். அது காலி. பக்கவாட்டில் எரிய வேண்டிய பச்சை விளக்கும் அணைந்துவிட்டது.

"ஏறுங்கண்ணா."

அவளுக்கு முப்பத்துநாலு வயது. தொழில் கற்க வந்த அவருக்கு ஐம்பத்தொன்று. இருபது வருஷம் ராத்திரி லாரி ஓட்டிய கால், சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"மூணு மாசமா கேபிள் தொடைக்கிறேன், சுத்துறேன். தொழிலை எப்பம்மா சொல்லிக்குடுப்ப?"

"பெல்ட்டைப் போடுங்க."

போன் செய்த ரவீந்திரன் தன் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். உள்ளே ஏசி ஓடியது.

"அரை மணிக்கு முன்னாடி இருபத்தெட்டு கிலோமீட்டர் போகும்னு காட்டுச்சு. இப்ப இருபத்திரண்டு. ஆஸ்பத்திரி பதினெட்டு. நடுரோட்ல நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"நின்ன எடத்துலயே ஏசி ஆறைத் தின்னிருச்சே சார்."

"அவனைக் கேளும்மா," என்றது பின்சீட். மாவுக்கட்டுப் போட்ட காலைச் சீட் முழுக்க நீட்டி அம்மா படுத்திருந்தாள். "அரை மணியா நம்பரையே பாக்குறான். நான் ஒருத்தி இங்க கெடக்கேன்."

வேனில் அவளைப் படுக்கவைக்க இடமில்லை. முன்னால் இரண்டு சீட், மிச்சமெல்லாம் பேட்டரி.

"சீக்கிரம் மாட்டுங்க மேடம்."

"மாட்டுற பேச்செல்லாம் வேணாம் சார். மணி மூணேகால். கெளம்புங்க."

ஃபிலோமினா துரைக்கண்ணுவின் தோளில் கிடந்த அழுக்குத் துணியை உருவினாள். கிலோமீட்டர் காட்டும் திரைமேல் அதைப் போட்டு மூடினாள்.

"ஏசியை அணைங்க. கண்ணாடியை எறக்குங்க. இடது ஓரமா, ஐம்பதுக்கு மேல வேணாம். நான் பின்னாலயே வரேன்."

"நின்னுட்டா?"

"நானும் நிப்பேன்."

கார் நகர்ந்தது. இண்டிகேட்டர் சத்தம் நின்றது.

முதல் மூன்று கிலோமீட்டர் காரின் பிரேக் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. எதிரே ஒன்றுமில்லாதபோதும் எரிந்தது. பஸ்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின.

"நம்மகிட்ட சொட்டு இல்ல," என்றார் துரைக்கண்ணு.

"ஆமா."

"அந்தாளு நம்மள நம்பிப் போறாரு."

"போறாருல்ல?"

அவருக்குக் கோபம் வந்தது. முன்னால் போகும் பிரேக் விளக்கையே பார்த்தார்.

ஐந்தாவது கிலோமீட்டருக்கு அப்புறம் அது எரியவில்லை. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் காலும் மிதிப்பதை நிறுத்தியிருந்ததை அதற்கும் பிறகுதான் கவனித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் மணி மூன்று ஐம்பது. ரவீந்திரன் துணியை எடுத்துப் பார்த்தார். ஏழு கிலோமீட்டர் மிச்சம்.

"கூடவே நீங்க இருந்தீங்க, அதான் மேடம்."

"அந்த மரத்தடியில சார்ஜர் இருக்கு. போட்டு வைங்க. அம்மா வர்றதுக்குள்ள ஏறிடும்."

துணியைத் துரைக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு அவர் காரை நிறுத்தப் போனார்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மா ஃபிலோமினாவைக் கிட்டே கூப்பிட்டாள்.

"எங்க பக்கத்து வீட்டுக்காரர் கார் நின்னப்போ இதே மாதிரி வேன்தான் வந்துச்சு. பக்கத்துல பச்சை விளக்கு எரியும். உன்னுதுல எரியலையே."

"எரியலைம்மா."

"அரசூர்லயே பாத்துட்டேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஓட்டுவானா அவன்?" கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். "நீயும் சொல்லாத. திரும்ப வீட்டுக்கு ஓட்டணும்ல."

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.

ஃபிலோமினா துரைக்கண்ணு பக்கம் திரும்பினாள். தொழிலை எப்போது சொல்லிக்கொடுப்பாய் என்று மறுபடி கேட்பார் என்று காத்திருந்தாள்.

அவர் துணியை இரண்டு தரம் உதறினார். வேன் கதவைத் திறந்து, பாதி சுற்றி விட்டிருந்த கேபிளை எடுத்து, நுனியிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.