தாண்டவராயர் பிடித்த கயிறு

"யாரைத்தாம்மா நம்புறது?"

தாண்டவராயர் கேட்டது மரம் வெட்டுகிறவர்களைப் பற்றி.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

மலையடிவாரத்தில் வடிவம்மையின் மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு சமையல் கூடம், வருகிறவர்கள் படுக்க ஒரு கொட்டகை, அம்மைக்கு ஓடு போட்ட ஒரு குடிசை, அவ்வளவுதான். அந்தக் குடிசைக்கு மேலே கவிந்து நின்றது ஒரு தூங்குமூஞ்சி மரம். ஒரு பக்கம் பட்டுப்போயிருந்தது. ஆடிக் காற்று கிளம்பினால் குடிசையின் மேல்தான் விழும். அம்மை உள்ளே இருந்தால் அம்மையின் மேல்.

நல்ல ஆளாகப் பார்த்து மரத்தை இறக்குகிற பொறுப்பை அம்மை தாண்டவராயரிடம் விட்டிருந்தார். போயும் போயும் அவரிடம்.

மனுஷன் சோதனைச் சாவடியில் லாரிகளை மறித்தே தலை நரைத்தவர். வைக்கோல் லாரி வந்தால் வைக்கோலுக்குள் என்ன என்பார். வெறும் லாரி வந்தால் ஏன் வெறுமனே போகிறது என்பார். ஓய்வு பெற்று, சம்சாரமும் போன பிறகு, மனசு அடங்கட்டும் என்று தன்னைவிட வயதில் சின்னவரான அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தார். சாவடியும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது.

முதலில் வந்தவன் மரத்தை அடியோடு எடுத்துவிடலாம் என்றான். அந்தப் பக்கத்தில் வெட்டுகிறவனுக்கு வேறு கூலி கிடையாது, வெட்டிய மரம்தான் கூலி. ஆசையைப் பார் என்று அவனை அனுப்பிவிட்டார்.

அடுத்தவன் பட்ட கிளையை மட்டும் கழித்தால் போதும் என்றான். அடுத்த வருஷமும் வரப் பார்க்கிறான் என்று அவனையும் அனுப்பினார்.

இன்னொருவன் மரத்துக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீங்க என்றான். ஏறத் தெரியாதவன், வேறென்ன.

கடைசியாக வெயிலுமுத்து வந்தான். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். அரிவாளின் முதுகால் அடிமரத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். ஒன்றும் சொல்லாமல் நின்றான்.

"அவன் ஏம்மா ஒண்ணும் சொல்லலை? எதையோ மறைக்கிறான்."

"ம்," என்றார் அம்மை.

"மரத்தை இறக்குற வரைக்கும் நீங்க கொட்டகையில படுங்கம்மா."

"பொறுப்பு உங்களோடது. நீங்க முடிவு பண்ற வரைக்கும் நான் என் இடத்துலதான் படுப்பேன்."

தாண்டவராயர் அன்றிலிருந்து இலை அசைந்தாலே ஓடி வந்து அண்ணாந்து பார்ப்பார். பார்ப்பாரே தவிர, ஒருவனைக் கூப்பிட மனசு வரவில்லை.

ஒரு மத்தியானம், தொடை பருமனுக்கு ஒரு கிளை முறிந்து, குடிசை ஓட்டைப் பொத்துக்கொண்டு அம்மையின் பாயிலேயே விழுந்தது. நல்ல வேளை, அம்மை பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார்.

அம்மை வந்து பார்த்தார். கிளையை இழுத்து வெளியே போட்டார். ஓட்டுச் சில்லுகளைக் கூட்டினார். பாயை உதறி அதே இடத்தில் விரித்தார்.

தாண்டவராயர் அழுதேவிட்டார். மற்றவர்களைத்தான் விரட்டியாயிற்றே, மிச்சமிருந்த வெயிலுமுத்துவுக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் அவன் கயிறும் மச்சானுமாக வந்து நின்றான். நம்ம ஆள் லேசில் விடுவாரா? எந்த ஊர், யாரிடம் தொழில் பழகினாய், எத்தனை வீட்டு ஓட்டை உடைத்திருக்கிறாய், குடிப்பாயா என்று போட்டுத் துருவினார். எல்லாவற்றுக்கும் அவன் பொறுமையாகப் பதில் சொன்னான். அந்தப் பொறுமையே அவருக்கு உறுத்தியது. கீழேயே நின்று ஒவ்வொரு வெட்டையும் பார்ப்பேன் என்று சொல்லிவைத்தார்.

அப்போது அம்மை வந்தார்.

"வெயிலுமுத்து, உங்க மச்சான் அடுப்படிக்குத் தண்ணி சுமக்கட்டும். கயித்தை இவர் பிடிப்பார்."

ஏறுகிறவன் இடுப்பில் கட்டிய கயிறு, மேலே கிளை பிரிகிற ஒரு கவட்டையில் புகுந்து கீழே வரும். கீழே இன்னொரு மரத்தில் ஒரு சுற்றுப் போட்டு ஒருவன் பிடித்துக்கொள்வான். மேலே இருப்பவன் நகர நகர இவன் விட்டுக்கொடுக்க வேண்டும். கால் வழுக்கினால் இந்தக் கைதான் உயிர். அதனால் மச்சானைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அதில் தொங்குகிறதே, அவன் விடமாட்டான் என்று ஒரு கணக்கு.

வெயிலுமுத்து கயிற்றை நீட்டவில்லை. தாண்டவராயரை மேலும் கீழும் பார்த்தான்.

"சாமிக்கு எந்த ஊரு?"

சொன்னார்.

இதுக்கு முன்னால் யாருக்குக் கயிறு பிடித்திருக்கிறீர்கள் என்று கேட்டான். தலைசுற்றல் உண்டா, கட்டெறும்பு கடித்தால் கையை உதறுவீர்களா, ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று வரிசையாகக் கேட்டான். ஒவ்வொரு பதிலையும் நம்பாதவன் மாதிரியே தலையாட்டினான். தாண்டவராயருக்குச் சுள்ளென்று ஏறியது. ஊரையே விசாரித்தவனை ஒருத்தன் நிற்கவைத்து விசாரிக்கிறானே.

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உனக்கு?"

அவன் அம்மையிடம் திரும்பினான்.

"அம்மா, இவரை நம்பி ஏறலாமா?"

"எனக்குத் தெரியாது," என்றார் அம்மை.

தாண்டவராயருக்கு முகம் செத்துப்போயிற்று. இத்தனை காலம் காலடியில் கிடந்ததற்கு இதுதானா மரியாதை?

வெயிலுமுத்து குடிசையைப் பார்த்தான். ஓட்டில் விழுந்திருந்த பொத்தலைப் பார்த்தான். மலைப்பக்கம் காற்றில் புழுதி கிளம்பியிருந்தது.

கயிற்றைப் பக்கத்தில் நின்ற புளிய மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை அவர் கையில் வைத்துவிட்டு ஏறத் தொடங்கினான்.

ஒவ்வொரு வெட்டையும் பார்ப்பேன் என்று சொன்ன மனுஷன் ஒரு வெட்டையும் பார்க்கவில்லை. அவன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளைகள் குடிசையில் படாமல் தள்ளி விழுந்தன. கழுத்து வலித்தது. எறும்பு ஏறியது. கையை எடுக்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது, பட்ட கிளை ஒன்று அவன் காலுக்கடியில் நொறுங்கியது.

கயிறு சரசரவென்று ஓடியது. உள்ளங்கைத் தோலும் அதோடு போனது. ஒரு கணம் விரல்கள் பிரியப் பார்த்தன. தாண்டவராயர் குதிகாலைப் புளிய வேரில் முட்டுக்கொடுத்து, கயிற்றோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கயிறு நின்றது.

மேலே வெயிலுமுத்து அந்தரத்தில் ஆடினான். பிறகு எட்டி ஒரு கிளையைப் பற்றினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அரிவாள் சத்தம் கேட்டது.

சாயங்காலம் குடிசைக்கு மேலே வானம் தெரிந்தது; அடிமரம் மட்டும் மிச்சம் நின்றது.

அம்மை மஞ்சளை எண்ணெயில் குழைத்து அவர் உள்ளங்கையில் தடவினார். தாண்டவராயருக்குக் கையைவிட மனசுதான் எரிந்தது.

"என்னைப் பத்தித் தெரியாதுன்னு சொல்லிட்டீங்களேம்மா."

"காலையில உங்களுக்கே தெரியுமா?"

தாண்டவராயருக்கு, விரல்கள் பிரியப் பார்த்த அந்தக் கணம் ஞாபகத்துக்கு வந்தது. மஞ்சள் பூசிய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

வெளியே வெயிலுமுத்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மச்சான் ஏதோ கேட்டான். அதற்கு அவன் சொன்ன பதில் குடிசைக்குள் கேட்டது.

"மிச்ச மரத்தை அவர் கை ஆறினதும் இறக்கலாம்டா. கயித்தை அந்தப் பெரியவரே பிடிக்கட்டும்."